ஐலசா இல்லாத பாட்டு

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் கோதண்டத்தை முழங்கால் தண்ணீரில் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், அவனை அப்படியே விட்டுவிட மனசு வருமா? புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அவனைக் கரையேற்றிவிடலாம்.

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் சரக்குக் கிட்டங்கியில் புடவைக் கட்டுகளுக்கு அடையாள ஓலை எழுதுகிறவன் சுப்பராயலு. கடலோரக் குப்பத்தில் பிறந்து எழுத்தாணி பிடித்த முதல் ஆள். அந்தப் பெருமை அவன் நடையிலேயே தெரியும். அவன் தம்பிதான் கோதண்டம். கரைவலை இழுக்கும்போது பாட்டு எடுத்துக் கொடுக்கிறவன்.

கோட்டை வாசல் கடைத்தெருவில் தனக்கோடி என்று ஒருத்தி. ஜால்ராவைத் தட்டிக்கொண்டு பாடுவாள். கேட்கிறவர்கள் போடுகிற துட்டில் அவள் பிழைப்பு. மூன்று மாசமாக அவளுடைய கப்பல் பாட்டுதான் ஊர் முழுக்க. சாயக்காரன் பாடுகிறான், தோணிக்காரன் பாடுகிறான், கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவனும் பாடுகிறான். சுப்பராயலு அதற்குத் துட்டுப்பாட்டு என்று பேர் வைத்தான். ஏளனமாக வைத்த பேர்தான், ஆனால் அந்தப் பேரும் பாட்டோடு ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றியது.

அந்தத் துட்டுப்பாட்டு தம்பி வாய் வழியாகக் கரைவலைக் கயிற்றிலும் ஏறிவிட்டது என்று தெரிந்ததும் சுப்பராயலுவுக்கு ரத்தம் கொதித்தது. பஞ்சாயத்தைக் கூட்டினான். தனக்கோடி இனி குப்பத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று சொல்ல வைத்தான். தம்பியைக் கடலில் இறக்கி, உப்புத் தண்ணீரைக் கையில் ஏந்த வைத்து, கயிற்றில் அந்தப் பாட்டைப் பாடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினான்.

உப்புத்தண்ணீர்ச் சத்தியம் லேசுப்பட்டதில்லை. வாங்கினவன், தான் தடுத்த காரியத்தைத் தானே முதலில் செய்தால்தான் கொடுத்தவனுக்கு விடுதலை. அதற்கு முன்னால் மீறினால், அவன் ஏறுகிற படகில் வேறு ஒருத்தனும் ஏறமாட்டான். மீன்பிடிக்கிறவனுக்கு அதைவிட வேறு சாவு எதற்கு?

இத்தனையும் எதற்காக? காட்டூர் மாசிலாமணி முதலியாருக்காக. அவர் பெரிய தமிழ்ப் பண்டிதர். பழம்பாட்டு என்றால் உயிர். கடலோரத்து ஆதிப் பாட்டுகளைச் சுப்பராயலு ஓலையில் எழுதி வருகிறான் என்று கேள்விப்பட்டு, நேரிலேயே வந்து வலை இழுப்பைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் தன் வீட்டு சபையில் அரங்கேற்றம் வைக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

அவர் வருகிற நாள் இன்றைக்கு.

*

விடிந்ததும் விடியாததுமாகச் சுப்பராயலு வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஓலைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி பச்சையம்மா மணலில் காயப்போட்ட நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கை திருப்புவதற்குத் தோதாக வாய் எதையோ முனகிக்கொண்டிருந்தது.

"பச்சையம்மா."

"இன்னாயா?"

"இன்னா பாட்டு அது?"

"எது?"

"இப்ப பாடினியே."

"நானா பாடினேன்? மீனு பாடியிருக்கும்." அவள் நிமிரவே இல்லை. "நீ குளிக்கச் சொல்ல இன்னா பாடினே? கொல்லைப் பக்கம் கேட்டுச்சே."

சுப்பராயலு ஓலைக்கட்டைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். குளிக்கும்போது வாய் தானாக அந்தக் கழுதைப் பாட்டுக்குப் போய்விடுகிறது. மனுஷன் என்னதான் செய்வான்? வெறுக்கிற பாட்டுத்தான் முதலில் மனப்பாடமாகித் தொலைக்கிறது.

"முதலியாரு காதுல இதெல்லாம் விழக்கூடாது," என்றான். "நம்ம பாட்டன் பூட்டன் பாடின பாட்டு எவ்ளோ ஒசத்தி தெரியுமா? அத்த விட்டுட்டு, கடைத்தெருவுல துட்டுக்குப் பாடறவ பாட்டைப் புடிச்சிக்கினு..."

"நல்லாக்கீதுய்யா, அதான் பாடறாங்க."

"கள்ளுகூடத்தான் நல்லாக்கீது."

"அப்ப முதலியாருக்கு ஒரு மொந்தை வாங்கி வெய்யேன்," என்று சொல்லிவிட்டுப் பச்சையம்மா அடுத்த பாய்க்குப் போய்விட்டாள். அவளோடு பேசி ஜெயித்ததாகச் சுப்பராயலுவின் கணக்கில் இதுவரை ஒன்றுகூட இல்லை.

அவன் ஓலையில் முதல் பாட்டு வளையல் பாட்டு. குப்பத்துக்கே அதுதான் தலைப்பாட்டு. புது வலை இறக்குகிற அன்றைக்கு அதைத்தான் முதலில் பாடுவார்கள்.

செவப்பு வளையாம் சேலுக் கண்ணாளே — ஏலேலோ ஐலசா
கையை நீட்டடி கடலுத் தாயாரே — ஏலேலோ ஐலசா

கடலம்மாவுக்கு வளையல் போட்டு வரவேற்கிற பாட்டு. ஆயிரம் வருஷத்துக்குக் குறையாது என்பது சுப்பராயலுவின் தீர்மானம். ஆனால் அப்படியே கொண்டுபோய்ப் பண்டிதர் முன்னால் வைக்கக் கூச்சமாக இருந்தது. செவப்பு என்பது கொச்சை. நீட்டடி என்று தெய்வத்தையா சொல்வது? ஐலசாவுக்கு அகராதியில் பொருளே கிடையாது. ஆகவே ஒரு மாசம் உட்கார்ந்து, தேய்த்துக் குளிப்பாட்டி, பொட்டு வைத்துவிட்டான்.

செந்நிற வளையல் சேல்விழித் தாயே
கரமலர் நீட்டாய் கடற்பெருந் தேவி

முந்தாநாள் இதைக் கோதண்டத்துக்கும் ஆட்களுக்கும் சொல்லிக்கொடுத்தான். கோதண்டம் கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"அண்ணா, இதுல எங்க இழுக்கறது?"

"எங்க வேணும்னாலும் இழுடா."

கோதண்டம் தலையைச் சொறிந்துகொண்டு போனான். அண்ணன் படித்தவன், தெரியாமலா சொல்வான் என்று நினைத்துக்கொண்டான். அங்கேதான் வந்தது வினை.

*

முதலியார் ஏரியைத் தாண்டித் தோணியில் வந்து இறங்கினார். நல்ல உயரம், சந்தனப்பொட்டு, கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி. கீற்றுப் பந்தலுக்கு அடியில் முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள். இளநீர் கொடுத்தார்கள். தூரத்தில் உலாந்தாக்காரர் கப்பல் ஒன்று மூன்று பாய்மரத்தோடு நங்கூரம் போட்டு நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. அவருக்குப் பழசு வேண்டும்.

"ஆரம்பிக்கலாமா சுப்பராயலு?"

"உத்தரவு ஐயா."

படகு வலையை அரைவட்டமாகப் போட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பியிருந்தது. வலையின் இரண்டு நுனியிலிருந்தும் கயிறு கரைக்கு வரும். வடக்குக் கயிற்றில் இருபது பேர், தலையில் கோதண்டம். தெற்குக் கயிற்றில் இருபது பேர், தலையில் சடையன். இரண்டுக்கும் நடுவே கூப்பிடுகிற தூரம். ஒருத்தர் இழுப்பதை ஒருத்தர் பார்த்து இழுக்க முடியாது, கேட்டுத்தான் இழுக்க வேண்டும். இரண்டு கயிறும் சமமாக வந்தால் நடுவில் மீன் விழுகிற பையான மடி நேராக வரும். ஒரு கயிறு முந்தினால் மடி புரண்டு, மீன் எல்லாம் ராம ராம என்று போய்விடும்.

புது வலை வேறு. குப்பத்துப் பெண்கள் எட்டு மாசம் நூல் முறுக்கிப் பின்னின வலை.

கோதண்டம் எடுத்தான். "செந்நிற வளையல் சேல்விழித் தாயே..."

ஆட்கள் திருப்பிச் சொன்னார்கள். சொல்லி முடித்துவிட்டு இழுத்தார்கள். தெற்கே சடையன் ஆட்கள் சொல்லிக்கொண்டே இழுத்தார்கள். முதல் பத்து இழுப்பு ஒரு மாதிரி ஓடிவிட்டது. முதலியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சுப்பராயலுவுக்கு நெஞ்சு விம்மியது. தன் குப்பத்து ஜனங்கள் வாயில் எதுகை மோனையோடு தமிழ் வருகிறதே என்று கண்ணே கலங்கிவிட்டது.

கயிறு கலங்கியதை அவன் பார்க்கவில்லை.

நீரோட்டம் வடக்கே திரும்ப ஆரம்பித்திருந்தது. இனி வெடுக் வெடுக்கென்று சேர்ந்து இழுக்க வேண்டிய நேரம். வடக்கே 'தாயே'வில் இழுத்தால் தெற்கே 'தேவி'யில் இழுத்தார்கள். நடுவில் நாலு பேர் எதிலும் சேராமல் மூச்சு வாங்கினார்கள். ஐலசா இருந்த இடத்தில்தான் அவர்கள் மூச்சு இழுத்து, காலை மணலில் ஊன்றி, நாற்பது பேரும் ஓர் ஆளாவார்கள். பொருள் இல்லை என்று சுப்பராயலு வெட்டி எறிந்தானே, இழுப்பு முழுக்க அந்தச் சொல்லில்தான் இருந்தது.

"ஏய் கோதண்டம், வடக்கால முந்துதுடா," என்று சடையன் கத்தினான். "மடி சாயுது பாரு."

தண்ணீரில் கானாங்கெளுத்திக் கூட்டம் பளபளவென்று புரண்டது. மடியின் ஒரு பக்கம் மேலே எழும்பி, மறுபக்கம் தாழ்ந்து போயிற்று. வலை இப்படியே போனால் மணல்திட்டில் உரசிக் கிழியும். கரையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"பழைய பாட்டை எடுடா," என்று யாரோ சொன்னார்கள்.

கோதண்டம் பழைய வளையல் பாட்டை எடுத்தான். ஆனால் அது நிதானமான பாட்டு, அமைதியான தண்ணீருக்கானது. இந்த ஓட்டத்துக்கு அது பத்தாது. இரண்டு அடி பாடுவதற்குள் கயிறு கையை அறுத்துக்கொண்டு பின்னால் போனது.

இந்த ஓட்டத்துக்குத் தோதான பாட்டு எது என்று நாற்பது பேருக்கும் தெரியும். மூன்று மாசமாக அதைப் பாடித்தான் இழுத்திருக்கிறார்கள். நாற்பது பேரும் கோதண்டத்தைப் பார்த்தார்கள். கோதண்டம் அண்ணனைப் பார்த்தான். கெஞ்சவில்லை, கேட்கவில்லை, சும்மா பார்த்தான். உப்புத் தண்ணீரைக் கையில் ஏந்தினவன் வேறு என்ன செய்வான்?

சுப்பராயலுவுக்கு ஒரு பக்கம் முதலியார், ஒரு பக்கம் வலை. இங்கே வாயைத் திறந்தால் அரங்கேற்றம் போச்சு. குப்பத்தான் குப்பத்தான்தான், துட்டுப்பாட்டுக் கூட்டம்தான் என்று முதலியார் தடியை ஊன்றி எழுந்து போய்விடுவார். பதினைந்து வருஷமாகக் காட்டூர் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நின்று நின்று கற்ற எழுத்து. அதை ஒரு தடவையாவது உள்ளே உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்கிற ஒரே ஆசை. அழுகை வந்தது அவனுக்கு.

பச்சையம்மா கரையில் நின்று வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரலில் நூல் முறுக்கின காய்ப்பு இன்னும் மறையவில்லை.

ஓலைக்கட்டை மணலில் போட்டுவிட்டு ஓடினான் சுப்பராயலு. வெள்ளை வேட்டியோடு தண்ணீரில் இறங்கி, தம்பிக்கு முன்னால் கயிற்றைப் பிடித்து, தொண்டை கிழிய எடுத்தான்.

"கப்பலு வருது கப்பலு வருது கண்ணாட்டி..."

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு இருபது பேரும் மணலில் காலை ஊன்றினார்கள். "ஐலே ஐலே."

"மூணு மரத்துக் கப்பலு வருது முன்னாடி..."

"ஐலே ஐலே." இது தெற்கேயிருந்தும் வந்தது.

"மையி கொண்டாந்தா மச்சானக் கேளு..."

"ஐலே ஐலே."

குரல் பிசிறடித்தது. சுருதி எங்கேயோ போயிற்று. ஆனால் வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. இத்தனை நாள் எங்கேதான் ஒளித்து வைத்திருந்தானோ.

நாலாவது அடியைக் கோதண்டம் அண்ணன் வாயிலிருந்து வாங்கிக்கொண்டான். "பொய்யி கொண்டாந்தா போகச் சொல்லு..." அவன் குரல் எழும்பினதும் கயிறு இறுகியது. சத்தியம் அவிழ்ந்துபோன சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது. மடி மெல்ல நிமிர்ந்தது. நாற்பது பேரும் பின்னால் பின்னால் நடந்து, மணல்திட்டைத் தாண்டி, வலையைக் கரைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். கானாங்கெளுத்தி துள்ளித் துள்ளி விழுந்தது. பெண்கள் கூடையோடு ஓடினார்கள்.

சுப்பராயலு மணலில் உட்கார்ந்து தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டான். நிமிர்ந்து பந்தல் பக்கம் பார்க்கிற தைரியம் இல்லை.

*

நிழல் ஒன்று மேலே விழுந்தது. முதலியார் வெறும் காலோடு வந்து நின்றார்.

"சுப்பராயலு, உள்ளதைச் சொல்கிறேன், வருத்தப்படாதே. முதலில் பாடினார்களே, அது எந்தப் பண்டிதனோ கைவைத்துக் கெடுத்த சரக்கு. உயிரே இல்லை."

சுப்பராயலு மணலில் கிடந்த ஓலைக்கட்டைப் பார்த்தான்.

"கடைசியில் நீ எடுத்தாயே, அதுதான் ஆதிப்பாட்டு. அடடா, அதில் உப்புக்காற்று அடிக்கிறது. ஐந்நூறு வருஷத்துக்குக் குறையாது. கப்பல் வருது என்கிறானே, சோழர் காலத்துக் கப்பலாகத்தான் இருக்க வேண்டும்."

அவருக்குப் பின்னால், உலாந்தாக்காரர் கப்பல் மூன்று பாய்மரத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. சடையன் இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

"பாடினவன் பேர் தெரியாததுதான் இதற்குப் பெருமை," என்றார் முதலியார். "ஒரு தனி மனுஷன் மூளையில் இப்படி வராது. கடைத்தெருவில் காசுக்குக் கத்துகிறவனால் ஏழு ஜென்மம் எடுத்தாலும் முடியாது. முழுப்பாட்டையும் எழுதி நாளைக்குக் காலையில் எடுத்துவா. அந்த வளையல் பாட்டையும் யாருடைய மெருகும் இல்லாமல் இருக்கிறபடி எழுது. இரண்டும் எனக்குப் பிடித்தால் வருகிற பௌர்ணமிக்கு அரங்கேற்றம். சபைக்குள்ளே உட்கார்ந்து நீயே வாசிக்கலாம்."

சுப்பராயலு வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். முதலியார் தோணி ஏறிப் போய்விட்டார்.

மத்தியானம் கூழைக் கலக்கி வைத்துவிட்டுப் பச்சையம்மா எதிரில் உட்கார்ந்தாள்.

"அது தனக்கோடி கட்டின பாட்டுனு சொன்னியா?"

"சொல்லல."

"ஏன்?"

"உள்ள உக்காந்து வாசிக்கலாம்னாரு பச்சையம்மா. உள்ள." அவன் கூழைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த ஒரு வார்த்தைல வாய் அடைச்சிப்போச்சு."

அவள் கூழில் மோரை ஊற்றி அவன் பக்கம் தள்ளினாள்.

கோதண்டம் கையில் கயிறு அறுத்த இடத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே வந்தான். "எனக்கு நாலு அடிதான் தெரியும் அண்ணா. ஊரே அந்த நாலைத்தான் திருப்பித் திருப்பிப் பாடுது. மீதி அந்தம்மாவுக்குத்தான் தெரியும். நீதான் போவணும்."

"குப்பத்துக்குள்ள வரக்கூடாதுனு சொன்னவன் நானு. எந்த மூஞ்சை வெச்சிக்கினு போறது?"

"இருக்கற மூஞ்சை வெச்சிக்கினு போ," என்றாள் பச்சையம்மா. "காலைல தண்ணில இறங்கின மூஞ்சி. எனக்கு அது புடிச்சிருந்துச்சு."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. சுப்பராயலு கூழை முழுசாகக்கூடக் குடிக்காமல் ஓலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

*

கோட்டைக்குப் பின்னால், சாயக்காரர் தெரு முனையில் தனக்கோடியின் வீடு. வயசு நாற்பதுக்கு மேல் இருக்கும். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "வாங்க ஓலைக்காரரே," என்றாள். "குப்பத்துக்குள்ள நான் வரக்கூடாது. எங்கூட்டுக்குள்ள நீங்க வரலாமா?"

"நான் பண்ணது தப்பு," என்றான் சுப்பராயலு. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. "பஞ்சாயத்துல நானே எழுந்து நின்னு சொல்றேன். நீங்க வரணும்."

"காலைல உம்ம பாட்டுக் கச்சேரியைப் பத்திக் கேள்விப்பட்டேன். தோணிக்காரன் வந்து சொல்லி சொல்லிச் சிரிச்சான்." அவளும் சிரித்தாள். "சுருதிதான் கொஞ்சம் பேஜாராமே."

அவன் வந்த காரணத்தைச் சொன்னான். ஐந்நூறு வருஷம் என்று முதலியார் சொன்னதையும் மறைக்காமல் சொன்னான். தனக்கோடி கீரையை மடியில் போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"எனக்கு அவ்ளோ வயசாயிடுச்சா?"

"நான் அவர்கிட்ட உண்மையைச் சொல்லல."

"ஏன், துட்டுக்குப் பாடறவனு சொன்னா ஓலை தீட்டாயிடுமா?" சிரிப்பு நின்றுவிட்டது. "துட்டுக்குத்தான் பாடறேன். கேக்கறவனுக்குப் புடிக்கலைனா துட்டு விழாது. தெருவுல நிக்கறவனுக்குப் புடிக்கணும்னு நான் ஐலேவைச் சேத்துக்கினேன். முதலியாருக்குப் புடிக்கணும்னு நீ ஐலசாவை எடுத்தே. ரெண்டு பேரும் அடுத்தவன் மூஞ்சைப் பாத்துத்தான் பாடறோம். இதுல நீ இன்னா ஒசத்தி?"

சுப்பராயலுவுக்கு அவள் சொன்னது நியாயம் என்று பட்டது. அதை ஒத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை.

"சரி, அந்த ஒசந்த பாட்டை ஒருவாட்டி பாடு கேக்கலாம்," என்றாள்.

அவன் வளையல் பாட்டைப் பாடினான். மெருகு போடாமல், ஏலேலோ ஐலசாவோடு. இரண்டாவது அடியில் அவள் கை கீரையிலேயே நின்றுவிட்டது.

"இது எப்படி உனக்குத் தெரியும்?"

"குப்பத்துத் தலைப்பாட்டு. ஆயிரம் வருஷமா..."

"எங்கப்பா பாட்டுய்யா அது."

தெருவில் ஏதோ வண்டி போயிற்று. அது போனதும் அவள் சொன்னாள்.

"எங்கப்பா வளையல் வித்தாரு. தலைல பொட்டிய வெச்சிக்கினு தோணில ஏறி, தோணிரேவு ஊரு, கடலோரக் குப்பம் எல்லாம் போவாரு. கூவிக் கூவி வித்தா எவளும் வரமாட்டேங்கறாளுங்கனு ஒரு பாட்டுக் கட்டினாரு. அதுதான் இது. கையை நீட்டடி கடைக்கு வந்தவளேனு பாடுவாரு. உங்க ஆளுங்க கடலுத் தாயாரேனு மாத்திக்கினாங்க போலக்கீது." கொஞ்சம் யோசித்தாள். "நல்லாத்தான் மாத்தியிருக்காங்க."

"இல்ல, இது வேற..."

அவள் மெல்லிய குரலில் அடுத்த அடியைப் பாடினாள்.

பச்ச வளை ஒரு துட்டுக்கு நாலாம் — ஏலேலோ ஐலசா
பவள வளை உன் புருஷனைக் கேளாம் — ஏலேலோ ஐலசா

மெட்டு அச்சு அசலாகப் பொருந்தியது. குப்பத்தில் இந்த இடத்தில் வெறும் ஐலசா மட்டும் நாலு தடவை வரும். ஏன் வருகிறது என்று சுப்பராயலு மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். விலையைக் கடலம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வலைக்காரர்கள் அந்த அடியை விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் சங்கதி.

அவனுக்குக் காலுக்கடியில் மணல் போகிற மாதிரி இருந்தது. ஆயிரம் வருஷம் என்று தலையில் தூக்கி வைத்து ஆடினது, நாற்பது வருஷத்துக்கு முந்தின துட்டுப்பாட்டு. அவன் ஊரைவிட்டுத் துரத்தினது அதைக் கட்டினவருடைய மகளை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால், வேடிக்கையைப் பாருங்கள், அந்தப் பாட்டு மேல் இருந்த ஆசை மட்டும் ஒரு துளி குறையவில்லை. யாரோ ஒரு மனுஷன் பொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, அலையடிக்கிற தோணியில் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார் என்று தெரிந்ததும், இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது.

சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. முதலியார் கேட்டது பேர் இல்லாத பாட்டு. பேர் இல்லாமல் கொண்டுபோனால் பௌர்ணமிக்கு உள்ளே உட்காரலாம்.

சுப்பராயலு ஓலையை மடியில் வைத்து எழுத்தாணியை எடுத்தான். "உங்கப்பா பேரு இன்னா?"

தனக்கோடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு?"

"பாட்டு மேல எழுதறதுக்கு."

"பேரைப் பாத்ததும் உங்க முதலியாரு ஓலையைக் கீழ வெச்சிடுவாரு."

"வெக்கட்டும். பேரைச் சொல்லுங்க."

"வடிவேலு," என்றாள். கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். "வளையல்கார வடிவேலு."

அவன் எழுதினான். இன்னொரு ஓலையை எடுத்து, கப்பல் பாட்டுக்கு மேலே 'வடிவேலு மகள் தனக்கோடி' என்று எழுதினான். கீழே தெரிந்த நாலு அடியை எழுதிவிட்டு மீதியைச் சொல்லுங்கள் என்று பார்த்தான்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓலையை வாங்கினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. "இதுல எங்கப்பா எது?"

அவன் தொட்டுக் காட்டினான்.

"இவ்ளோ சின்னதா?" என்றாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கீரையை எடுத்து மறுபடி ஆய ஆரம்பித்தாள். "கப்பல் பாட்டுல மீதி எட்டு அடி கீது. இன்னைக்குச் சொல்லமாட்டேன்."

"ஏன்? நாளைக்குக் காலைல நான் போவணுமே."

"போ. இந்த ரெண்டு பேரையும் முதலியாரு அவரு வாயால சத்தமா வாசிக்கணும். சபைல எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசிக்கறேன்னு அவரு ஒத்துக்கினா, நானே காட்டூருக்கு வந்து மீதியைப் பாடறேன். உன் பக்கத்துல, உள்ள உக்காந்து." அவள் ஒரு காம்பை ஒடித்துப் போட்டாள். "வாசிக்கலைனா, எங்கப்பா பாட்டு வெளியவே இருந்துட்டுப் போவட்டும். இவ்ளோ நாளு நல்லாத்தான் இருந்துச்சு."

சுப்பராயலு ஓலை இரண்டையும் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டான். தோணித்துறைக்கு வந்தபோது, குப்பத்துக்குப் போகிற தோணி கிளம்பத் தயாராக நின்றது. காட்டூர் பக்கம் போகிற தோணியும் நின்றது. நாளைக்குக் காலையில் வரச்சொன்னார் முதலியார். ஆனால் ராத்திரி முழுக்க இதை இடுப்பில் வைத்துக்கொண்டு படுத்தால் மனசு மாறிவிடும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

"எந்தப் பக்கம் கணக்கரே?" என்று கேட்டான் தோணிக்காரன்.

"காட்டூரு," என்றான் சுப்பராயலு. "பொழுது சாயறதுக்குள்ள விடு. முதலியாரை, இந்த ஓலைல இருக்கற ரெண்டு பேரையும் சத்தமா வாசிக்கச் சொல்லணும்."